மூணு பையன், ஒரு பைக், ஒரு மதிப்பெண் அட்டை

இந்தக் குறிப்பு ஒரு வருஷத்துக்கும் மேலா ட்ராஃப்டில் கிடந்தது. நான் சட்டம் படிச்சவன் இல்லை. பி.இ. முடிச்சு இருபது வருஷமா அடுத்தவங்க எழுதின கோடில் எங்கே தப்பு நடக்குதுன்னு தேடுறதுதான் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில்தான் இதையும் படிச்சேன். சட்டப் பிழை ஏதாவது இருந்தால் வக்கீல் நண்பர்கள் திருத்துங்க.

நடந்தது இது. எங்க தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணனுக்கு ஒரு பையன், அப்போ பதினாறு வயசு. அவனும் ரெண்டு நண்பர்களும் பக்கத்துத் தெருவில் சாவியோடு நின்ன ஒரு பைக்கை எடுத்து ஊரைச் சுத்தினாங்க. பெட்ரோல் தீர்ந்ததும் ஒரு பெட்டிக்கடை ஓரமா விட்டுட்டு வந்துட்டாங்க. கேமராவில் பதிவாயிருந்தது, மறுநாளே பிடிபட்டாங்க. மூணு பேருக்கும் ஒரே பைக், ஒரே புகார், ஒரே நாள், ஒரே இளைஞர் நீதிக் குழுமம். யாருக்கும் முன் வழக்கு கிடையாது.

முதல் பையன் அன்னைக்கு சாயங்காலமே வீட்டுக்குப் போயிட்டான். இஸ்திரி அண்ணன் பையன் ஒன்பது நாள் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தான். மூணாவது பையன் 41 நாள்.

(அடையாளம் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். சிறார் வழக்கில் அடையாளத்தை வெளியிடக் கூடாதுன்னு 2015 சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடுக்குது. அந்தப் பிரிவு இல்லைன்னாலும் மாத்தியிருப்பேன்.)

ஒரே இன்புட்டுக்கு மூணு அவுட்புட் வந்தால் எங்க தொழிலில் இன்புட்டை மறுபடி பார்ப்போம். நாம கவனிக்காத ஏதோ ஒண்ணு வேற வேறயா இருக்கும். இங்கேயும் இருந்தது. முதல் பையனுக்கு அரசு வேலையில் ஒரு சித்தப்பா. ஆதார், சம்பளச் சான்று, சொத்து வரி ரசீது எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கிட்டே வந்தார். இஸ்திரி அண்ணனோட ரேஷன் கார்டு சொந்த ஊர் முகவரியில் இருந்தது. ஜாமீன் போட உள்ளூர் ஆள் வேணும்னு கேட்டாங்க, அந்த ஆளைத் தேடத்தான் ஒன்பது நாள். மூணாவது பையனுக்கு அம்மா இல்லை. அப்பா எந்த ஊரில் கட்டட வேலையில் இருக்கார்னு யாருக்கும் தெரியல. பாட்டிதான் வளர்க்கிறாங்க. அந்தப் பாட்டி முதல் நாளே வந்து வெளியில் உட்கார்ந்திருந்தாங்க. “உங்களால பையனைக் கட்டுப்படுத்த முடியாதும்மா” என்று அனுப்பிட்டாங்க. கெட்ட எண்ணத்தில் யாரும் அதைச் சொல்லல என்றுதான் இப்பவும் நினைக்கிறேன். அதுதான் என்னை உறுத்துது.

இனி சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். படிச்சப்போ எனக்கு ஆச்சரியமா இருந்தது.

இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 12-ஆவது பிரிவு ஒரு டீஃபால்ட்டோட ஆரம்பிக்குது. குற்றம் சாட்டப்பட்ட சிறுவனை, குற்றவியல் நடைமுறைச் சட்டம் என்ன சொன்னாலும் சரி, விட்டுவிட வேண்டும். பிணை ஆளோடோ, ஆள் இல்லாமலோ. அல்லது நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில். அல்லது தகுதியான ஒரு நபரின் பொறுப்பில். ‘பிணை ஆள் இல்லாமலோ’ என்பது சட்டத்திலேயே எழுத்தில் இருக்கு. நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாள் ஆனால், பையனைத் திரும்பவும் குழுமத்தின் முன் கொண்டுவந்து நிபந்தனையை மாத்தணும் என்றும் அதே பிரிவு சொல்லுது. இஸ்திரி அண்ணன் பையன் ஒன்பது நாள் இருந்தான்னு மேலே சொன்னேன் இல்லையா? அந்த ரெண்டு நாள் கணக்கு எங்கே போச்சுன்னு கேட்க அன்னைக்கு எனக்கு இந்த வரியே தெரியாது.

இன்னும் ஒரு படி பின்னாடி போகலாம். திருட்டுக்கு உச்ச தண்டனை மூணு வருஷம். அதனால் இந்தச் சட்டத்தின் கணக்கில் அது சிறு குற்றம். மத்திய அரசின் 2016 மாதிரி விதிகளில் எட்டாவது விதி, கொடுங்குற்றம் தவிர்த்த மற்ற வழக்குகளில் பொதுவாக முதல் தகவல் அறிக்கையே போட வேண்டாம், காவல் நிலைய நாட்குறிப்பில் பதிஞ்சு, பையனோட சமூகப் பின்னணி அறிக்கையைக் குழுமத்துக்கு அனுப்பினால் போதும் என்கிறது. பிடிச்சு வைக்கிற அதிகாரத்தையும் கொடுங்குற்றத்துக்குத்தான் பயன்படுத்தணுமாம், சிறுவனின் நலனுக்கு அவசியம்னா ஒழிய. மத்தவங்களுக்கு விசாரணைத் தேதியைப் பெற்றோருக்குச் சொல்லி அனுப்பணும். அதாவது புத்தகப்படி, இந்த மூணு பேரும் வீட்டிலிருந்தே கிளம்பி குழுமத்துக்கு வந்திருக்கணும்.

அப்போ மாற்று வழி இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. காகிதத்தில் முழுசா இருக்கு. பிரச்சினை 12-ஆவது பிரிவின் பின்பாதியில் வருகிற விதிவிலக்கில். மூணு காரணங்களுக்காக விடாமல் வைக்கலாம். ஒண்ணு, விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால். ரெண்டு, ஒழுக்க ரீதியான, உடல் ரீதியான, மன ரீதியான ஆபத்துக்கு ஆளாவான் என்றால். மூணு, விடுவது நீதியின் நோக்கத்தையே தோற்கடிக்கும் என்றால்.

குற்றம் எவ்வளவு பெரிசு என்பது இந்த மூணில் எதிலும் இல்லை, கவனிச்சீங்களா? அதை மட்டும் வெச்சு ஜாமீன் மறுக்கக் கூடாதுன்னு பல உயர் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கு. பெரியவங்களுக்கான ஜாமீன் சட்டத்தை விட இது மேல். எழுதினவங்க நல்ல மனசோடதான் எழுதியிருக்காங்க. ‘இவனால் ஊருக்கு என்ன ஆபத்து’ன்னு கேட்காமல், ‘இவனுக்கு என்ன ஆபத்து’ன்னு கேட்கிற சட்டம்.

ஆனால் அந்தக் கேள்விக்கு விடை தேடினால் கண்ணில் படுறது என்ன? வீடு. குடிசைப் பகுதி, குடிக்கிற அப்பா, வேலைக்குப் போயிட்டு ராத்திரி வர்ற அம்மா, தள்ளாத பாட்டி. ‘ஒழுக்க ரீதியான ஆபத்து’ என்ற வார்த்தைக்குள் ஒரு ஏழை வீட்டு அட்ரஸை அப்படியே வெச்சுடலாம். மூணாவது பையனோட உத்தரவில் குடும்பச் சூழல் சரியில்லை என்ற பொருளில்தான் எழுதியிருந்ததா இலவச சட்ட உதவி வக்கீல் சொன்னார். அவனுக்குச் செஞ்ச இரக்கம்தான் 41 நாள்.

‘நீதியின் நோக்கம்’ அதை விட மோசம். எந்த அர்த்தத்தையும் தாங்கும் ஒரு எல்ஸ் கிளாஸ். எங்க டீமில் யாராவது இப்படி ஒரு கண்டிஷன் எழுதினால் கோடு ரிவ்யூவில் திருப்பி அனுப்பிடுவேன். 2024 ஆகஸ்டில் ராஜஸ்தான் வழக்கு ஒண்ணு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஒரு வருஷத்துக்கும் மேல் உள்ளே இருந்த சிறுவன். அந்த மூணு காரணத்தில் எது பொருந்துதுன்னு கீழே யாருமே பதிவு பண்ணலைன்னு நீதிமன்றம் பார்த்தது. பிணை ஆள் இல்லாமலே விடச் சொல்லி, நன்னடத்தை அலுவலரைக் கண்காணிக்கச் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் 12-ஆவது பிரிவின் முதல் வரியில் ஏற்கெனவே இருக்கிறதை வாங்க அந்தப் பையன் டெல்லி வரைக்கும் போக வேண்டியிருந்தது.

இங்கேதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. இந்த மங்கலான வார்த்தைகளுக்குப் பதிலா ஒரு மதிப்பெண் அட்டை போட்டால் என்ன? இத்தனை பாயிண்டுக்குக் கீழே வீடு, இத்தனைக்கு மேலே இல்லம். சாஃப்ட்வேர்காரன் புத்தி அப்படித்தான் போகும். தேடினால், அமெரிக்காவில் முப்பது வருஷம் முன்னாடியே போட்டுட்டாங்க.

ஆனி இ. கேசி அறக்கட்டளை 1992-இல் ஆரம்பிச்ச திட்டம் அது. சிறார் காவலுக்கு மாற்று தேடும் முன்முயற்சி, சுருக்கமா ஜே.டி.ஏ.ஐ. அதுக்கு முன்னாடி ஃபுளோரிடாவின் ப்ரோவர்ட் கவுண்டியில் நெரிசல் தாங்காமல் பண்ணிப் பார்த்த சோதனை கை கொடுத்தது. அந்த தைரியத்தில் சிகாகோ இருக்கும் குக் கவுண்டி, போர்ட்லண்ட் இருக்கும் மல்ட்னோமா கவுண்டி உட்பட ஐந்து இடங்களில் தொடங்கி, பின்னாடி சுமார் 300 கவுண்டிகளுக்குப் பரவியது. அவங்க முதலில் பண்ணின நல்ல காரியம், காவலுக்கு ரெண்டே காரணம்தான் இருக்கலாம்னு சுருக்கியது. விசாரணைக்கு முன் இன்னொரு குற்றம் செய்வானா, விசாரணைக்கு வராமல் போவானா. பாடம் புகட்டணும், பயம் காட்டணும், வேற இடம் இல்லை, அப்பா கூட்டிட்டுப் போக மாட்டேங்கிறார் இதெல்லாம் காரணம் ஆகாது.

அந்த ரெண்டு காரணத்தை அளக்கத்தான் மதிப்பெண் அட்டை. இப்போதைய குற்றச்சாட்டுக்கு இவ்வளவு, முன் வழக்குக்கு இவ்வளவு, முன்னாடி நீதிமன்றத்துக்கு வராமல் போயிருந்தால் இவ்வளவு. கூட்டினால் மூணு அடுக்கு: வீட்டுக்கு அனுப்பு, கண்காணிப்போடு அனுப்பு, உள்ளே வை. ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் அதிகாரி எடுக்கிற முடிவுக்கும், மறுநாள் காலையில் இன்னொருத்தர் எடுக்கிற முடிவுக்கும் வித்தியாசம் குறையும்.

இதில் என்னை நிமிர வெச்சது மல்ட்னோமா. அட்டையில் எதெல்லாம் அளக்கலாம்னு அவங்க ஒவ்வொரு வரியாப் பேசினாங்க. ‘நல்ல குடும்ப அமைப்பு’ இருந்தால் பையனுக்குச் சாதகமான மதிப்பெண் என்ற மாதிரி ஒரு அளவுகோல் அப்போ புழக்கத்தில் இருந்தது. நடைமுறையில் அதுக்கு அர்த்தம் அப்பா, அம்மா ரெண்டு பேரும் ஒரே வீட்டில். கறுப்பினக் குடும்பங்கள் நிறைய அதில் அடிபடும். அதை எடுத்துட்டு வேற ஒரு கேள்வி வெச்சாங்க: பையன் விசாரணைக்கு வருவதற்குப் பொறுப்பேற்கத் தயாரா இருக்கும் ஒரு பெரியவர் இருக்காரா? அத்தையா இருக்கலாம், பாட்டியா இருக்கலாம், கோச்சா இருக்கலாம். ஒருத்தர் போதும். அதே மாதிரி, ‘கும்பலைச் சேர்ந்தவன்’ என்ற வரியையும் எடுத்துட்டாங்க. அதை யார், எதை வெச்சு முடிவு பண்றாங்க என்பதே தெளிவில்லை.

முதல் கேள்வி வீட்டைப் பார்க்குது. ரெண்டாவது கேள்வி, வாசலில் யார் வந்து நிக்கிறாங்கன்னு பார்க்குது. எங்க பாட்டி முதல் கேள்வியில் ஃபெயில், ரெண்டாவதில் பாஸ்.

1994 வாக்கில் அங்கே பிடிபட்ட கறுப்பினச் சிறுவர்களில் 42 சதவீதம் உள்ளே வைக்கப்பட்டாங்க, வெள்ளையர்களில் 32 சதவீதம். 2000 வாக்கில் ரெண்டு எண்ணும் நல்லாக் குறைஞ்சு, இடைவெளியும் கிட்டத்தட்ட மறைஞ்சது. அந்த ஒரு வரி மாத்தினதால்தான் இது நடந்ததுன்னு சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். பயிற்சி, வழக்கை வேகப்படுத்த தனி ஆட்கள், வெளியில் தங்க இடங்கள் எல்லாம் கூடவே வந்தது. ஆனாலும் அந்த வரி எனக்கு முக்கியம். கணக்கு மாறாமல், கேட்ட கேள்வி மாறினது.

இதே குடும்பக் கேள்வியில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு தடவை சறுக்கியிருக்கு என்பது என் கட்சி. ஷால் எதிர் மார்ட்டின், 1984. பதினாலு வயசுப் பையன், ராத்திரி பதினொன்றரை மணிக்குப் பிடிபட்டவன், வீட்டு விலாசத்தைப் பொய் சொன்னான். கண்காணிக்க ஆள் இல்லைன்னு உள்ளே வெச்சாங்க, மொத்தம் பதினைஞ்சு நாள். இனி குற்றம் செய்யக்கூடும் என்ற கணிப்பை வெச்சு ஒரு சிறுவனை விசாரணைக்கு முன் அடைக்கலாமா என்பது கேள்வி. ஆறுக்கு மூணு என்ற கணக்கில், அடைக்கலாம் என்றது நீதிமன்றம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ரென்குவிஸ்ட்டின் வாதம் சுருக்கமா இது: பெரியவர்கள் மாதிரி இல்லை, சிறுவர்கள் எப்பவுமே ஏதோ ஒருவகைக் காவலில் இருப்பவங்கதான். பெற்றோர் கை நழுவினால் அரசு கை கொடுக்கும்.

கேட்க ஆதரவான பேச்சு மாதிரி இருக்கும். ஆனால் அம்மா மடியும் பூட்டின அறையும் ஒரே சொல்லில் அடங்கினால், எந்தப் பையனுக்குப் பெற்றோர் கை நழுவும் என்பதை அவனோட பொருளாதாரம்தான் முடிவு பண்ணும். மாற்றுக் கருத்து எழுதிய மார்ஷல் ஒரு நடைமுறை விஷயத்தைக் காட்டினார். இப்படி ஆபத்தானவங்கன்னு உள்ளே வெச்சவங்களில் பெரும்பாலானவங்களை விசாரணைக்கு முன்னாடியோ, முடிஞ்ச கையோடோ வெளியில் விட்டுட்டாங்க. அவ்வளவு ஆபத்தானவங்கன்னா ஏன் விட்டாங்க? இந்தக் கேள்விக்குப் பெரும்பான்மைத் தீர்ப்பில் எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கல.

சரி, உள்ளே வெச்சால்தான் என்ன, கொஞ்ச நாள்தானே, புத்தி வரட்டுமேன்னு சொல்றவங்க எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பிலேயே இருக்காங்க. அவங்களுக்கு ஒரு ஆய்வு. அன்னா ஐசர், ஜோசப் டாயில் ரெண்டு பேரும் பொருளாதார அறிஞர்கள், 2015-இல் வெளியிட்டது. களம் அதே குக் கவுண்டி. 35,000-க்கும் மேற்பட்ட சிறுவர்கள். அங்கே எந்த வழக்கு எந்த நீதிபதிக்குப் போகும் என்பது கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கல் மாதிரி. சிலர் கண்டிப்பு, சிலர் இளகின மனசு. ஒரே மாதிரி ரெண்டு பையன்கள் வேற வேற நீதிபதி கிட்டே போய் விழுந்தால் பின்னாடி என்ன ஆகிறாங்கன்னு பார்க்கலாம். இதை விடச் சுத்தமான ஏ/பி டெஸ்ட் சமூக அறிவியலில் லேசில் கிடைக்காது. உள்ளே போனவங்க பள்ளிப்படிப்பு முடிக்கும் வாய்ப்பு 13 சதவீதப் புள்ளி குறைஞ்சது. பெரியவங்களானதும் சிறைக்குப் போகும் வாய்ப்பு சுமார் 22 சதவீதப் புள்ளி கூடியது. இத்தனைக்கும் உள்ளே இருந்தது பெரும்பாலும் ஒன்றிரண்டு மாசம்தான். இந்த எண் நீதிபதிகளே ரெண்டு விதமா நினைக்கக்கூடிய நடுத்தர வழக்குகளுக்குத்தான் பொருந்தும், கொலை வழக்குக்கு இல்லை. எங்க பைக் வழக்கு அந்த நடுவில்கூட வராது, அதுக்கும் கீழே.

உள்ளே என்ன நடக்கும் என்பதற்கு சிகாகோ வரைக்கும் போக வேண்டியதில்லை. 2022 டிசம்பர் 31 அன்னைக்கு செங்கல்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்தில் ஒரு சிறுவன் இறந்தான். சின்னத் திருட்டுக் குற்றச்சாட்டில் வந்தவன். இல்லப் பணியாளர்கள் கைதானாங்க. அதுக்கு அப்புறம்தான் தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு போட்டு இல்லங்களின் நிலையை ஆராயச் சொன்னது. இல்லங்களைச் சீர்திருத்தணும், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பேச்சு எல்லாம் வாசலுக்கு உள்ளே நடக்குது. இந்தப் பையன் ஏன் வாசலுக்கு உள்ளே வந்தான் என்பதை ஒவ்வொரு வழக்கிலும் தனியாக் கேட்கணும்.

இப்போ அந்த மதிப்பெண் அட்டைக்குத் திரும்பறேன். மல்ட்னோமாவைப் படிச்சதும் உற்சாகத்தில் நம்ம ஊருக்கு ஒரு அட்டை டிசைன் பண்ண உட்கார்ந்தேன். எக்செல் ஷீட்டே போட்டேன். ரெண்டு வாரத்தில் அழிச்சுட்டேன். காரணங்களைச் சொல்லணும்.

அட்டை எழுதுறவன் என்ன போடுறானோ அதைத்தான் அளக்கும். முன் வழக்கு என்ற வரியையே எடுங்க. எங்கே ரோந்து அதிகமோ அங்கே முன் வழக்கு அதிகம். அதே வயசில் நானும் பக்கத்து வீட்டு மாமாவோட லூனாவைக் கேட்காமல் எடுத்துச் சுத்தியிருக்கேன். மாமா காதைத் திருகினார், பதிவேட்டில் ஏறல. அப்புறம் ஓவர்ரைடு. அட்டை வீட்டுக்கு அனுப்புன்னு சொன்னாலும் அதிகாரி மீறலாம். மீறல் 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்கணும்னு ஜே.டி.ஏ.ஐ. வட்டாரத்தில் ஒரு வழக்கு உண்டு. அதுக்கு மேல் போனால் அட்டை வெறும் அலங்காரம். மீறினவர் காரணம் எழுதணும், அதை மேலே ஒருத்தர் படிக்கணும். படிக்கிற ஆள் இல்லாத ஊரில் அட்டை, 12-ஆவது பிரிவின் விதிவிலக்கை விடக் கெட்டியான ஒரு சாக்கு ஆயிடும். ‘கணக்கு சொல்லுச்சு சார்’.

நடு அடுக்கு இன்னும் சிக்கல். ஸ்டான்லி கோஹென் என்ற சமூகவியலாளர் 1979-லேயே எச்சரிச்சது இது. சிறைக்கு மாற்றுன்னு ஒண்ணு வந்தால், சிறைக்குப் போக வேண்டியவன் அதுக்கு வருவான்னுதான் நினைப்போம். ஆனால் சும்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவனும் அதில் மாட்டுவான். வலை பெரிசாகும், கண் சின்னதாகும். கணுக்கால் ஜி.பி.எஸ். பட்டை அதுக்குச் சரியான உதாரணம். பார்க்க மென்மையான மாற்று. பட்டையில் சார்ஜ் போனால் விதிமீறல். கடைக்குப் போன வழியில் கோடு தாண்டினால் விதிமீறல். விதிமீறினால் உள்ளே. ஆரம்பத்தில் எந்த மதிப்பெண்ணிலும் உள்ளே போகத் தேவையில்லாத பையன், பேட்டரி தீர்ந்ததுக்காக உள்ளே போவான். கரண்ட் எப்போ போகும்னு தெரியாத ஒரு வீட்டில் அந்தப் பட்டையை நினைச்சுப் பாருங்க.

அமெரிக்காவின் பெரிய கணக்கும் இதே ரெண்டு பக்கத்தைக் காட்டுது. ஒரு நாள் கணக்கில் அடைபட்டிருந்த சிறார் எண்ணிக்கை 2000-இல் சுமார் 1,09,000. 2021-இல் சுமார் 25,000. பிரமாதமான இறக்கம். கைதுகளும் அதே காலத்தில் குறைஞ்சதால் பெருமை முழுசும் மாற்றுத் திட்டங்களுக்குப் போகாது, ஆனால் பங்கு உண்டு. அதே 2021-இல் கறுப்பினச் சிறுவர் அடைபடும் வாய்ப்பு வெள்ளையரை விட நாலரை மடங்குக்கும் மேல். மல்ட்னோமாவில் கேள்வியை மாத்தினாங்க. மத்த பல இடங்களில் அட்டையை மட்டும் ஜெராக்ஸ் எடுத்தாங்க. இது என் ஊகம்தான், ஆனால் சாஃப்ட்வேரில் இப்படி நிறையப் பார்த்திருக்கேன்.

அட்டையை விட எனக்கு இப்போ பிடிச்சது குக் கவுண்டியில் 1995-இல் வந்த மாலை நேர மையங்கள். சாதாரணமான ஏற்பாடு. பள்ளிக்கூடம் விட்டதும் வேன் வந்து கூட்டிட்டுப் போகும். சாயங்காலம் நாலு மணிவாக்கில் இருந்து ராத்திரி வரை அங்கே இருக்கணும். வீட்டுப்பாடம், விளையாட்டு, சாப்பாடு. அப்புறம் வீட்டில் கொண்டுபோய் விடுவாங்க. நடத்துறது அந்தந்தப் பேட்டையில் இருக்கும் அமைப்புகள், வேலை பார்க்கிறவங்களும் பெரும்பாலும் அந்த ஏரியாக்காரங்க. நேரத்தைக் கவனிங்க. பள்ளி விட்டதுக்கும் அம்மா வேலையிலிருந்து வர்றதுக்கும் நடுவில்தான் பசங்க வம்பில் மாட்டுறாங்க. வீட்டில் ஆள் இல்லைன்னு உள்ளே வைக்கிறதுக்குப் பதிலா, ஆள் இல்லாத அந்த நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒரு ஆளைக் கொடுத்தாங்க. பெரும்பாலானவங்க மறுபடி கைதாகாமல் விசாரணைத் தேதிக்கு வந்து சேர்ந்தாங்க, அடைச்சு வைக்கிறதை விடச் செலவும் குறைவு.

வராமல் போவாங்களே என்ற பயத்துக்கு இன்னும் மலிவான மருந்து இருக்கு. நியூயார்க்கில் பெரியவங்களுக்குச் செஞ்சு பார்த்த ஒரு ஆய்வு 2020-இல் சயின்ஸ் இதழில் வந்தது. சம்மன் படிவத்தைப் படிக்கிற மாதிரி திருத்தினதில் ஆஜராகாமல் போறது 13 சதவீதம் குறைஞ்சது. தேதியை நினைவுபடுத்தி எஸ்.எம்.எஸ். அனுப்பினதில் 21 சதவீதம். நிறைய பேர் ஓடிப் போறதில்லை, மறந்து போறாங்க. கேஸ் சிலிண்டருக்கு எஸ்.எம்.எஸ். வருது, விசாரணைத் தேதிக்கு அந்தப் பாட்டிக்கு எதுவும் வரல. எங்கிட்டே வந்து தேதியைக் கேட்டுட்டுப் போவாங்க.

அந்தப் பாட்டியைப் பத்தி இத்தனை தூரம் எழுதினதுக்குக் காரணம் இருக்கு. ட்ராஃப்டில் ஒரு வருஷம் கிடந்ததுக்கும் அதுதான் காரணம்.

ஒன்பதாவது நாள் இஸ்திரி அண்ணன் பையனுக்கு ஜாமீன் போட்ட உள்ளூர் ஆள் நான்தான். கையெழுத்துப் போட்டு வெளியில் வந்தப்போ அந்தச் சட்ட உதவி வக்கீல் கேட்டார், “சார், அந்த இன்னொரு பையனுக்கும் நீங்களே பொறுப்பு எடுத்துக்கலாமே, மனு போட்டா யோசிப்பாங்க.” பாட்டி பக்கத்திலேயே நின்னாங்க. எதுவும் கேட்கல. நான் ஒரு நிமிஷம் யோசிச்சேன். இந்தப் பையனை எனக்குத் தெரியாது. நாளைக்கு ஏதாவது பண்ணிட்டான்னா? அடுத்த மாசம் ஆஃபீஸ் வேலையா வெளிநாடு போகணும், விசாவில் ஏதாவது சிக்கல் வந்தால்? “பார்க்கிறேன் சார்” என்றேன். நம்ம ஊரில் அதுக்கு என்ன அர்த்தம்னு வக்கீலுக்கும் தெரியும், பாட்டிக்கும் தெரியும்.

ஒரே ஒரு நிமிஷத்தில், எந்தத் தரவும் இல்லாமல், என் மண்டைக்குள் ஒரு அட்டை போட்டு அவனுக்கு மார்க் போட்டிருக்கேன். அதில் இருந்த வரிகள்: எனக்குத் தெரிஞ்ச வீடா, அப்பா இருக்காரா, எந்தப் பக்கத்துப் பையன். மல்ட்னோமாக்காரங்க 1990களில் அடிச்சு எடுத்த அதே வரிகள். அவன் அதுக்கு அப்புறம் இன்னும் 32 நாள் உள்ளே இருந்தான்.

மூணு பேருடைய வழக்கும் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. சிறு குற்ற விசாரணையை நாலு மாசத்தில் முடிக்கணும், நீட்டிச்சால் இன்னும் ரெண்டு மாசம். அதுக்குள் முடியலைன்னா வழக்கே முடிஞ்சதா ஆயிடும்னு 14-ஆவது பிரிவு சொல்லுது. அப்படித்தான் முடிஞ்சது. மூணு பேரும் குற்றம் செஞ்சாங்கன்னு யாரும் தீர்மானிக்கல. முதல் பையன் இப்போ டிப்ளமா படிக்கிறான். இஸ்திரி அண்ணன் பையன் பிளஸ் டூ எழுதிட்டான், என்னைப் பார்த்தால் வணக்கம் வைப்பான். மூணாவது பையன் அந்த 41 நாளில் அரைப்பரீட்சையை விட்டான், திரும்பப் பள்ளிக்கூடம் போகல. கறிக்கோழிக் கடையில் வேலை. பாட்டி இருக்காங்க.

அதே சட்டத்தில் 52-ஆவது பிரிவு ஒண்ணு இருக்கு. சிறுவரைத் தற்காலிகமாகப் பொறுப்பேற்கத் தகுதியான நபர்னு யாரையும் சரிபார்த்து முன்கூட்டியே அங்கீகரிச்சு வைக்கலாம். அப்படி நாலு பேர் பட்டியலில் இருந்திருந்தால் வக்கீல் வாசலில் என்னைக் கேட்டிருக்க வேண்டாம். போன வருஷக் கடைசியில் விண்ணப்பம் எழுதி, ஆதார் நகல், சொத்து வரி ரசீது, ரெண்டு போட்டோ வெச்சுக் கொடுத்தேன். வாங்கின ஊழியர் ரெண்டு தடவை படிச்சுப் பார்த்துட்டு, “எந்தப் பையனுக்கு சார்?” என்றார். இப்போதைக்கு யாருக்கும் இல்லைன்னேன். அப்போ எந்த ஃபைலில் வைக்கிறதுன்னு அவருக்குப் புரியல. அப்புறம் ஒரு புது அட்டைக் கோப்பு எடுத்து, மேலே என் பேரையே எழுதினார். வீட்டுக்கு வந்து சரிபார்ப்பாங்கன்னு சொன்னார். மூணு மாசம் ஆச்சு, இன்னும் யாரும் வரல.